டச் பார் ஏன் தோற்றது? ஃபயர்வயர் எங்கே போனது?

2016 அக்டோபர் 27 அன்று கலிஃபோர்னியாவின் கூப்பர்டினோவில் ஆப்பிள் நிறுவனம் தன் புதிய மேக்புக் புரோவை அறிமுகப்படுத்தியது. கீபோர்டின் மேல்வரிசையில் எஃப்1, எஃப்2 என்று காலங்காலமாக இருந்த பொத்தான்களைக் காணோம். அந்த இடத்தில் ஒரு நீளமான தொடுதிரைப் பட்டை பளபளத்தது. 2170 பிக்சல் நீளம், 60 பிக்சல் உயரம். பெயர் டச் பார். புகைப்படம் திருத்த உட்கார்ந்தால் அதில் வண்ணங்கள் வரிசைகட்டும். ஏதாவது தட்டச்சு செய்தால் அடுத்த சொல்லை எடுத்துக்கொடுக்கும். பாட்டு ஓடும்போது விரலால் முன்னும் பின்னும் தள்ளலாம். அந்தப் பட்டையை வைத்தே மேடையில் டிஜே பாணியில் இசை கலந்து காட்டினார்கள். அரங்கம் கைதட்டியது.

ஐந்தே ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. 2021 அக்டோபரில் வந்த 14 அங்குல, 16 அங்குல மேக்புக் புரோக்களில் பழைய பொத்தான்கள் திரும்பி வந்தன. டச் பார் வைத்திருந்த கடைசி மாடலான 13 அங்குல மேக்புக் புரோவும் 2023 அக்டோபரில் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது.

திரை தரமானதுதான், வேலையும் சரியாகவே செய்தது. பணத்துக்கும் விளம்பரத்துக்கும் குறைவில்லாத நிறுவனம்தான் பின்னால் நின்றது. ஆனாலும் எடுபடவில்லை. கணினி உலகில் இப்படிப் போய்ச் சேர்ந்த வசதிகளின் பட்டியல் நீளமானது. அவற்றில் சிலவற்றைப் பிரித்துப் பார்த்தால், திறமைக் குறைவால் தோற்றவை மிகச் சில என்பது தெரிகிறது. பிறரிடம் அதிகம் கேட்டதால் தோற்றவையே அதிகம். புதிய வசதி ஒன்று பலன் தருவதற்கு முன்பே, மென்பொருள் எழுதுபவரிடம் உழைப்பையும், வாங்குபவரிடம் கூடுதல் பணத்தையும், பயன்படுத்துபவரிடம் பழக்க மாற்றத்தையும் கேட்டால், அது அநேகமாகக் கரைசேர்வதில்லை.

ஒரே பட்டையில் ஒரு வெற்றி, ஒரு தோல்வி

டச் பார் கேட்ட முதல் விலை, பயனரின் கண். ஒலியைக் கூட்ட முன்பெல்லாம் கீழே பார்க்காமலே ஒரு பொத்தானை இரண்டு தட்டு தட்டினால் போதும். விரலுக்கு இடம் தெரியும். டச் பார் வந்த பிறகு குனிந்து பார்த்து, ஒலிப் படத்தைத் தேடி, விரலை வைத்து நகர்த்த வேண்டியிருந்தது. கண்ணாடியில் மேடுபள்ளம் கிடையாது. அழுத்தினோமா இல்லையா என்பதை விரல் சொல்லாது. சிறிது நேரம் தொடாமல் விட்டால் பட்டை மங்கி அணைந்தும் போகும். எஸ்கேப் பொத்தானை நாளெல்லாம் தட்டுகிற புரோகிராமர்களுக்கு இது பெரும் எரிச்சல். அவர்களின் புலம்பலுக்குப் பிறகு, 2019 நவம்பரில் வந்த 16 அங்குல மாடலில் எஸ்கேப் மட்டும் மீண்டும் நிஜப் பொத்தானாக வந்தது.

இரண்டாவது சிக்கல் இன்னும் ஆழமானது. மேக்புக் ஏர், ஐமேக், மேக் மினி எதிலும் டச் பார் வரவே இல்லை. ஆப்பிள் தனியாக விற்கும் கீபோர்டிலும் இல்லை. 2016இல் 13 அங்குல மேக்புக் புரோ டச் பார் இல்லாமல் 1,499 டாலர், டச் பாருடன் 1,799 டாலர். வேறு சில மேம்பாடுகளும் அந்த 300 டாலரில் அடக்கம் என்றாலும், டச் பார் வேண்டுமென்றால் மேல்தட்டு மாடலுக்குத்தான் போக வேண்டும். மேக் வைத்திருப்பவர்களில் ஒரு பகுதியினரிடம் மட்டுமே இருக்கும் ஒரு பட்டைக்காக மென்பொருள் நிறுவனம் எவ்வளவு மெனக்கெடும்? எந்த வசதியையும் டச் பாரில் மட்டும் வைத்துவிடாதீர்கள், திரையிலும் இருக்கட்டும் என்று ஆப்பிளே மென்பொருள் உருவாக்குபவர்களுக்கு வழிகாட்ட வேண்டியிருந்தது. அப்படியென்றால் டச் பாரில் இருப்பதெல்லாம் திரையில் ஏற்கெனவே இருப்பதன் நகல். நகலுக்காக யார் குனிந்து பார்ப்பார்கள்?

அதே பட்டையின் வலது ஓரத்தில் ஒரு சிறிய சதுரம் இருந்தது. அது டச் ஐடி என்ற கைரேகை உணரி. டச் பார் போய்விட்டது, டச் ஐடி இருக்கிறது. 2018இல் மேக்புக் ஏருக்கு வந்தது, 2021இல் தனிக் கீபோர்டுக்கும் வந்தது. காரணம் எளிது. அதற்காக ஃபோட்டோஷாப்பையோ எக்ஸெலையோ யாரும் மாற்றி எழுத வேண்டியதில்லை. பெட்டியைப் பிரித்த அன்றே விரலை வைத்தால் கணினி திறக்கும். ஒரு நாளைக்குப் பத்து முறை பாஸ்வேர்டு அடிக்கிற தொல்லை அன்றோடு ஒழிந்தது.

கல்யாண வீடியோவில் வாழ்ந்த ஃபயர்வயர்

கையில் அத்தனை நல்ல சீட்டுகளையும் வைத்துக்கொண்டு தோற்றதற்கு ஃபயர்வயரைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஆப்பிளில் 1980களில் தொடங்கிய இந்த இணைப்பு முறை, 1995இல் ஐட்ரிபிள்இ 1394 என்ற எண்ணோடு சர்வதேசத் தரமாக அங்கீகாரம் பெற்றது. வேகம் விநாடிக்கு 400 மெகாபிட். அதற்கு அடுத்து வந்த யுஎஸ்பியின் முதல் தலைமுறைக்கு 12 மெகாபிட்தான். முப்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். யுஎஸ்பியில் எல்லாவற்றுக்கும் கணினி முதலாளியாக நின்று ஆணையிட வேண்டும். ஃபயர்வயரில் கேமராவும் ரெக்கார்டரும் கணினி இல்லாமல் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்ளும்.

தமிழ்நாட்டில் 2000களில் கல்யாண வீடியோ எடுத்தவர்களுக்கு இந்த வயரை நன்றாகத் தெரியும். மினி டிவி (MiniDV) கேசட்டில் பதிவான முகூர்த்தத்தைக் கணினிக்குள் கொண்டுவர அதுதான் வழி. கணினியில் ஒரு 1394 கார்டைச் செருகி, கேமராவிலிருந்து மெல்லிய வயரை இழுத்து மாட்டி, பிளே பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். ஒரு மணி நேரக் கேசட் உள்ளே போக ஒரு மணி நேரம் முழுசாகப் பிடிக்கும். ஹார்ட் டிஸ்கில் சுமார் 13 ஜிபி இடத்தை அடைத்துக்கொள்ளும். நடுவில் ஒரு ஃபிரேம்கூட விழாமல் சீராகப் படத்தைக் கொண்டுவந்து சேர்ப்பதில் ஃபயர்வயரை அன்றைக்கு அடித்துக்கொள்ள ஆளில்லை. 2001இல் அமெரிக்கத் தொலைக்காட்சித் துறையின் எம்மி பொறியியல் விருதும் அதற்குக் கிடைத்தது.

இடறியது உரிமத்தொகையில். 1999 தொடக்கத்தில், ஒவ்வொரு ஃபயர்வயர் துளைக்கும் ஒரு டாலர் வேண்டும் என்று ஆப்பிள் கேட்டது. பின்னர் அது ஒரு சாதனத்துக்கு 25 சென்ட்டாகக் குறைந்தது. ஆனால் அதற்குள் கணினி தயாரிப்பாளர்கள் மிரண்டுவிட்டார்கள். சில காசு லாபத்துக்கு மல்லுக்கட்டும் தொழிலில் ஒரு டாலர் என்பது பெரிய தொகை. போதாக்குறைக்கு, இதையே சோனி ஐ.லிங்க் என்று அழைத்தது, மற்றவர்கள் 1394 என்றார்கள். ஒரே துளைக்கு மூன்று பெயர் என்றால் வாங்குபவருக்கு எப்படிப் புரியும்?

எதிரணியில் இன்டெல் இருந்தது. யுஎஸ்பியை உருவாக்கிய இன்டெல் குழுவை வழிநடத்தியவர் அஜய் பட், பரோடாவின் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். யுஎஸ்பிக்கு உரிமத்தொகை கிடையாது. இன்டெல் தன் சிப்செட்டுக்குள்ளேயே அதை வைத்துக் கொடுத்ததால், கணினி தயாரிப்பாளருக்குத் தனிச் சிப் வாங்கும் செலவும் இல்லை. 2000இல் யுஎஸ்பி 2.0 வந்தது. பெட்டியில் அச்சிட்ட வேகம் 480 மெகாபிட். ஹார்ட் டிஸ்கை இணைத்து உண்மையில் ஓட்டிப் பார்த்தால் பல நேரம் ஃபயர்வயர்தான் முந்தியது. ஆனால் கடையில் நிற்பவர் கண்ணுக்கு 400ஐவிட 480 பெரிது.

2001இல் வந்த முதல் ஐபாடில் ஃபயர்வயர் துளை மட்டுமே இருந்தது. விண்டோஸ் கணினி வைத்திருக்கும் பெருங்கூட்டத்துக்கு ஐபாட் விற்க வேண்டும் என்றால் யுஎஸ்பிக்கு இறங்கித்தான் ஆக வேண்டும். 2005 இறுதியில் வந்த புதிய ஐபாடுகளில் ஃபயர்வயர் வழியாகப் பாட்டு ஏற்றும் வசதியே இல்லை. பெற்றவரே பிள்ளையைக் கைவிட்ட கதைதான்.

யுஎஸ்பியும் தோற்றிருக்கலாம்

இன்று கொசுவிரட்டி முதல் இயர்போன் வரை நுழைந்துவிட்ட யுஎஸ்பிக்கும் ஒரு கண்டம் இருந்தது. 1996, 97இல் வந்த பல கணினிகளின் முதுகில் யுஎஸ்பி துளைகள் இருந்தன. ஆனால் செருகத்தான் ஒன்றுமில்லை. சாதனம் இல்லாததால் யாரும் துளையைக் கவனிக்கவில்லை, யாரும் கவனிக்காததால் எவரும் சாதனம் செய்யவில்லை. கோழியா முட்டையா என்ற அதே கேள்வி.

இந்தச் சிக்கலை அறுத்தவை இரண்டு. யுஎஸ்பியை ஒழுங்காகப் புரிந்துகொள்ளும் விண்டோஸ் 98 ஒன்று. மற்றொன்று, அதே 1998 ஆகஸ்டில் வந்த ஆப்பிளின் ஐமேக். நீலநிறத்தில் உள்ளுறுப்பு தெரிகிற அந்தக் கணினியில் பழைய மேக் இணைப்புத் துளைகள் எல்லாவற்றையும் ஆப்பிள் மொத்தமாகத் தூக்கிவிட்டது. ஃபிளாப்பி டிரைவும் இல்லை. பிரின்டரோ ஸ்கேனரோ மாட்ட வேண்டுமென்றால் யுஎஸ்பிதான் கதி. ஐமேக் நன்றாக விற்றது. வேறு வழியில்லாத வாடிக்கையாளர் கூட்டம் ஒன்று உருவானதும், சாதனம் செய்பவர்கள் தாமாகவே வந்து சேர்ந்தார்கள். ஆப்பிள் இப்படி ஊட்டி வளர்த்த யுஎஸ்பிதான் பின்னாளில் ஆப்பிளின் சொந்த ஃபயர்வயரை ஓரங்கட்டியது.

தேவைப்பட்டவருக்குக் கிடைக்காத ஆப்டேன்

சில வசதிகளைத் துணையில்லாமை கொல்வதில்லை, பழசின் வளர்ச்சி கொல்கிறது. 2015 ஜூலையில் இன்டெலும் மைக்ரானும் சேர்ந்து 3டி எக்ஸ்பாயின்ட் என்ற புதுவகை நினைவகத்தை அறிவித்தன. எஸ்எஸ்டியில் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தைவிட 1,000 மடங்கு வேகம், 1,000 மடங்கு ஆயுள் என்று சொன்னார்கள். 2017 ஏப்ரலில் இது ஆப்டேன் மெமரி என்ற பெயரில் வீட்டுக் கணினிக்கு வந்தது. 16 ஜிபி 44 டாலர், 32 ஜிபி 77 டாலர். சாதாரண ஹார்ட் டிஸ்கோடு இதைச் சேர்த்துவிட்டால், அடிக்கடி திறக்கும் கோப்புகளை இது தன்னிடம் வைத்துக்கொண்டு உடனே எடுத்துக்கொடுக்கும். ஆமைவேகத்தில் விழிக்கிற கணினி சட்டென்று விழிக்கும். சொன்னபடி வேலையும் செய்தது.

ஆனால் நிபந்தனைகளைப் பாருங்கள். இன்டெலின் ஏழாம் தலைமுறைப் பிராசசர் வேண்டும், அதற்கேற்ற 200 வரிசை சிப்செட் கொண்ட மதர்போர்டு வேண்டும். அதாவது, அந்த ஆண்டு வாங்கிய புத்தம்புதுக் கணினி வேண்டும். பழைய கணினி மெதுவாக ஓடுகிறதே என்று தவித்தவருக்கு ஆப்டேன் பொருந்தாது. பொருந்துகிற புதுக் கணினிக்காரரோ, 32 ஜிபி ஆப்டேனுக்குக் கொடுக்கும் பணத்தில் 120 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி, விண்டோஸையே அதில் ஏற்றிவிடலாம். பிறகு ஹார்ட் டிஸ்கை வேகப்படுத்தும் கவலையே இல்லை.

எஸ்எஸ்டி விலை ஆண்டுக்கு ஆண்டு சரிந்தது, ஆப்டேனின் தேவையும் அதோடு சரிந்தது. சில லேப்டாப் விளம்பரங்களில் 8 ஜிபி ரேமையும் 16 ஜிபி ஆப்டேனையும் கூட்டி 24 ஜிபி மெமரி என்று போட்டுக் குழப்பமும் செய்தார்கள். 2021 மார்ச்சில் மைக்ரான் இந்தத் தொழிலிலிருந்து விலகி, யூட்டா மாநிலத்தில் இருந்த ஆலையை விற்பனைக்கு வைத்தது. 2022 ஜூலையில் இன்டெலும் ஆப்டேனை மூட முடிவெடுத்தது. தேங்கிய சரக்குக்காக மட்டும் அந்தக் காலாண்டில் 559 மில்லியன் டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது.

இருபது நிமிடம் வேண்டுமா, ஒரு மார்க்கர் போதுமா?

ஹெச்பி நிறுவனம் 2004இல் அறிவித்த லைட்ஸ்கிரைப் என்ற வசதியைக் கண்டவர்கள் வியந்தார்கள். சிடியைப் பதிவு செய்த பின் வெளியே எடுத்துத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால், அதே லேசர் கதிர் மேல்பக்கத்தில் பெயரும் படமும் வரையும். காகிதமும் மையும் வேண்டாம். ஆனால் சிறப்புப் பூச்சு கொண்ட, விலை கூடுதலான சிடிதான் வேண்டும். படம் ஒரே நிறத்தில்தான் வரும். சிடி முழுக்கப் படம் போட இருபது நிமிடத்துக்கும் மேலாகலாம். மற்றவர்கள் மார்க்கர் பேனாவால் மூன்று விநாடியில் படத்தின் பெயரை எழுதிவிட்டு அடுத்த சிடியைப் போட்டுவிட்டார்கள். பிறகு பென் டிரைவ் வந்தது, சிடியே மறைந்தது.

ஏஜியா நிறுவனத்தின் ஃபிசிக்ஸ் கார்டுக்கு 2006இல் நேர்ந்ததும் கிட்டத்தட்ட இதுதான். கணினி விளையாட்டில் சுவர் இடிந்தால் ஒவ்வொரு கல்லும் இயற்கை விதிப்படி சிதற வேண்டும் என்பதற்காகவே ஒரு தனிச் சிப். முதலில் கார்டு வாங்க வேண்டும், பிறகு அதற்கென்றே எழுதிய விளையாட்டுகளைத் தேட வேண்டும். கார்டு இல்லாதவர்களே பெரும்பான்மை என்பதால், கல் சிதறுவதை வெறும் அலங்காரமாகத்தான் விளையாட்டு நிறுவனங்கள் சேர்த்தன. கதையின் போக்கையே அதன்மீது கட்டப் பெரும்பாலானவை துணியவில்லை. கல் கூடுதலாகச் சிதறியதால் அவற்றை வரையும் சுமை கிராஃபிக்ஸ் கார்டின் தலையில் ஏறி, சில விளையாட்டுகளில் படம் முன்பைவிட மெதுவாக ஓடிய வேடிக்கையும் நடந்தது. 2008 பிப்ரவரியில் என்விடியா ஏஜியாவை வாங்கி, அந்தத் திறனைத் தன் கிராஃபிக்ஸ் கார்டுக்குள்ளேயே மென்பொருளாக ஏற்றியது. தனிக் கார்டுக்கு வேலை போனது.

தோற்ற தொழில்நுட்பம் வேறு பெயரில் திரும்பி வருவதும் உண்டு. மைக்ரோசாஃப்ட் 2010 நவம்பரில் கொண்டுவந்த கினெக்ட், எக்ஸ்பாக்ஸ் முன் நிற்பவரின் உடலசைவைக் கண்டு விளையாட்டை நடத்தும் கருவி. முதல் 60 நாளில் 80 லட்சம் விற்றுக் கின்னஸில் ஏறியது. ஆனால் குதித்து ஆடக் கூடம் நிறைய இடம் வேண்டும், சோபாவை நகர்த்த வேண்டும், அரை மணியில் கை வலிக்கும். 2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுடன் கினெக்டையும் கட்டாயமாகச் சேர்த்து 499 டாலருக்கு விற்றார்கள். போட்டியாளரான பிளேஸ்டேஷன் 4 விலை 399 டாலர். அடுத்த ஆண்டே கினெக்டைக் கழற்றிவிட்டு விலையை 399க்கு இறக்கினார்கள். 2017 அக்டோபர் கடைசியில் உற்பத்தி நின்ற செய்தி வெளியானது.

பத்து நாள் கழியுமுன் ஐஃபோன் 10 கடைக்கு வந்தது. அதன் நெற்றியில் இருந்த முகமறியும் கேமரா, முதல் கினெக்டுக்கு ஆழமறியும் தொழில்நுட்பம் தந்த இஸ்ரேலின் பிரைம்சென்ஸ் வழிவந்தது. 2013இல் ஆப்பிள் அந்த நிறுவனத்தை வாங்கியிருந்தது. கூடத்தில் ஆளைக் குதிக்கச் சொன்ன அதே நுட்பம், இப்போது ஃபோனைத் தூக்கிப் பார்த்தாலே போதும் என்றது. புதிதாக எதையும் பழக வேண்டாம் என்றதும் உலகம் ஏற்றுக்கொண்டது.

இப்போது கடைகளில் இருப்பது

இந்தப் பழைய கதைகளுக்கு இன்றைய தேவை ஒன்று உண்டு. 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் கோபைலட் பிளஸ் பிசி என்ற புதிய வகுப்பை அறிவித்தது. செயற்கை நுண்ணறிவு வேலைகளுக்கென்றே என்பியு என்ற தனிச் சிப் பகுதி அதில் இருக்க வேண்டும், அது விநாடிக்குக் குறைந்தது 40 லட்சம் கோடிக் கணக்குகளைப் போட வேண்டும் என்பது நிபந்தனை. கீபோர்டிலும் கோபைலட்டுக்கு ஒரு தனிப் பொத்தான். திரையில் பார்த்ததை எல்லாம் படமெடுத்து நினைவில் வைத்துத் தேடித் தரும் ரீகால் என்ற வசதியை அதன் நட்சத்திரமாக முன்னிறுத்தினார்கள். அந்தரங்கம் என்னாவது என்ற கண்டனம் கிளம்பியதும், 2024 ஜூனில் அதைத் தள்ளிவைத்தார்கள். பரவலாக வந்து சேர 2025 ஏப்ரல் ஆனது.

என்பியு தோற்கும் என்று இப்போதே எழுதிவிட முடியாது. கேமராவில் பின்னணியை மங்கலாக்குவது, பேச்சை எழுத்தாக்குவது போன்ற வேலைகளைப் பேட்டரியைக் கரைக்காமல் செய்வது நல்ல விஷயம்தான். டச் பாருக்கு இல்லாத ஒரு சாதகமும் இதற்கு உண்டு. இன்டெல், ஏஎம்டி, குவால்காம் மூன்றுமே தங்கள் புதிய பிராசசருக்குள் இதை வைத்தே தருகின்றன. தனியாக வாங்க வேண்டிய பொருளாக இல்லாததால், சில ஆண்டுகளில் எல்லோரிடமும் இருக்கும். அதுவரை, ஏஜியாவின் கார்டு பார்த்த அதே காத்திருப்புதான். மக்கள் பேசும் பெரிய செயற்கை நுண்ணறிவுச் சேவைகள் பெரும்பாலும் தொலைவில் இருக்கும் சர்வர்களில் ஓடுகின்றன. அவற்றைப் பயன்படுத்த மேசைமேல் இருக்கும் லேப்டாப்பில் என்பியு இருந்தாக வேண்டும் என்பதில்லை.

லேப்டாப் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் விற்பனையாளரிடம் ஒன்றைக் கேட்டுப் பார்க்கலாம். நான் தினமும் திறக்கும் எந்த மென்பொருள் இந்தப் புதிய வசதியை இன்றைக்கே பயன்படுத்துகிறது? பெயர் சொல்லிப் பதில் வந்தால் கூடுதல் பணம் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. இனிமேல் வரும் என்று பதில் வந்தால், அதே பணத்தைக் கூடுதல் ரேமுக்கோ பெரிய எஸ்எஸ்டிக்கோ போடுவது நல்லது. அவற்றைப் பயன்படுத்தாத மென்பொருள் கிடையாது. பல மெல்லிய லேப்டாப்களில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால், வாங்கிய பிறகு கூட்டிக்கொள்ளவும் முடியாது.